மூட்டுவலி ஜெல் என்று சொல்லி 3,840 ரூபாய் பறித்தார்கள்: சேலத்துக்காரர்கள் கவனத்திற்கு

எங்கள் புகாருக்கு விற்பனைத் தளத்திடமிருந்து நேற்று மாலை வந்த பதிலைப் படித்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கைப்பேசி வழியாகப் பொருள் விற்கும் ஒரு தளத்தில், அப்பாவின் முழங்கால் வலிக்காக நான்கு டியூப் ஜெல் வாங்கி 3,840 ரூபாய் கொடுத்தோம். பணமும் போயிற்று, அவருடைய வலது முழங்காலின் தோலும் கொப்பளித்துப் போயிற்று.

அப்பா அம்மாபேட்டையில் வாழ்நாளெல்லாம் தறிக்குழியில் அமர்ந்து மிதி மிதித்தவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருந்தார்கள். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் பூசுமருந்து தேடிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. எண்ணைப் பதிந்த சற்று நேரத்தில், தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அழைத்தார். விலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. “ஐயாவுக்குச் சர்க்கரை இருக்குங்களா? படி ஏறும்போது வலிக்குதுங்களா, உட்கார்ந்து எழும்போதுங்களா?” என்று எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே பொறுமையாக விசாரித்தார். டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண மருந்தின் 1 சதவீத ஜெல்லை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றும், அதே மருந்தோடு மூலிகை சேர்த்துத் தாங்கள் தயாரிப்பதாகவும், தேய்ந்த ஜவ்வு (மூட்டிலுள்ள குருத்தெலும்பு) மூன்றே மாதத்தில் வளர்ந்துவிடும் என்றும் சொன்னார். அமெரிக்க அனுமதி உண்மைதான். அந்த உண்மையைத் தூண்டில் புழுவாகக் கோத்து, மீதிப் பொய்யை எங்களை விழுங்க வைத்தார். அப்பாவே கைப்பேசியை வாங்கி, “நீங்க சொன்னாச் சரிங்க டாக்டர்” என்றார். யாரையும் எளிதில் நம்பாத மனிதர் அவர். அவரையே நம்பவைத்த அந்த ஆளின் குரலை நினைத்தாலே எனக்கு மனம் கொதிக்கிறது.

தடவியதும் துணியால் இறுகக் கட்டி, அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்க வேண்டும் என்பது அந்த ‘டாக்டர்’ சொன்ன முறை. இரண்டொரு நாளில் தோல் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. அதன்பின் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக் என்ற பெயரே அதில் இல்லை, தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை. காலாவதித் தேதி தனி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது அடியில் சென்ற ஆண்டின் தேதி தெரிந்தது.

அழைத்தவரின் எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், விற்றவர் வேறு நிறுவனம், தாங்கள் இடைத்தளம் மட்டுமே என்றார். அடுத்து வந்தவர், திறந்த டியூபைத் திரும்பப் பெற முடியாது என்றார். மற்றொருவர், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். மருந்துப் பெட்டியைப் பிரிக்க எந்த வீட்டில் வீடியோ எடுக்கிறார்கள்? கொண்டுவந்து கொடுத்த கூரியர் அலுவலகத்தில் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேற்றைய பதில், “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி. 3,840 ரூபாய் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு என்னவென்று அந்த வரியை அனுப்பியவருக்குத் தெரியுமா?

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உண்மையான டைக்ளோஃபெனாக் ஜெல் வலியையும் வீக்கத்தையும் குறைக்குமே தவிர, தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. முழு பலன் தெரிய ஒரு வாரம்வரை ஆகலாம். பூசிய இடத்தைக் கட்டவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது, ஏனென்றால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கிவிடும். அதே வகை வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் சேர்த்து விழுங்கக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் இதற்கு நேர்மாறு.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். அப்பாவைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போக நேரமாகிவிட்டது. தொலைபேசியில் வரும் ‘டாக்டரிடம்’ பதிவு எண்ணைக் கேளுங்கள். உரிம எண்ணும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டியூபைத் திருப்பி அனுப்புங்கள். மூட்டுவாத நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் கண்டால் விலகுங்கள். ஏமாந்திருந்தால் பில்லையும் டியூபையும் வீசாமல், நுகர்வோர் உதவி எண் 1915-இல் உடனே புகாரைப் பதியுங்கள். நாங்கள் பதிந்துவிட்டோம்.