பழைய ஸ்விஃப்டுக்குப் புது டை ராட் எண்ட்

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கடக்' என்று சத்தம். இடது முன் டயரின் உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜிபி ரோட்டில் ரானே கம்பெனி டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை ஜாயின்ட்) ஒரு ஜோடி வாங்கி, எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன்.

ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நன்றாகவே ஆடியது. "ஜாயின்ட்டை மூடுற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் போயிடுச்சு சார். தண்ணி, மண்ணு உள்ள போனா ஜாயின்ட் தேயத்தான் செய்யும்" என்று காட்டினார். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது. அதையும் மாற்றி, வண்டி தரையில் நின்ற பிறகே அந்த போல்ட்டை முழுதாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நம்பலாம்.

ரானே பார்ட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. பூட் கெட்டியாக இருக்கிறது, மரை சிக்காமல் ஏறியது. இப்போது சத்தம் இல்லை, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. அவரிடம் அலைன்மென்ட் மெஷின் இல்லாததுதான் சிரமம். டை ராட் எண்ட் மாற்றினால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறிவிடும். அப்படியே ஓட்டினால் புது டயரும் போய்விடும். அதனால் அன்றைக்கே வேறு கடையில் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஜிபி ரோட்டுக்குப் போகும்போது ஆர்சி நகல் கையில் இருக்கட்டும். மாடல் வருடம் மாறினால் பார்ட்டும் மாறலாம்.