'இ-0 போர்டு' என்று சொல்லி வார்ட்ரோப் விற்கிறார்களா? உஷார்!

புது ஃபிளாட்டுக்கு மாடுலர் அலமாரி போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சென்னையில் ஒரு இன்டீரியர் நிறுவனம் எங்கள் கோட்டேஷனில் "இ-0 போர்டு, குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதி, அதற்காகவே சதுர அடிக்குக் கூடுதலாக வாங்கியது. இ-0 என்றால், ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மிகக் குறைவாகக் கசியும் மரத்தூள் பலகை என்று சொல்லி விற்கிறார்கள்.

வேலை முடிந்து பல வாரம் ஆகியும் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. மகளின் துணியிலெல்லாம் அதே நெடி. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் உள்ளே நிற்கவே முடியவில்லை. ஃபார்மால்டிஹைடு வேலை இது. மரத்தூளை ஒட்டும் யூரியா பசையிலிருந்து வருகிறது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் இதுவும் ஏறும். சென்னைக்குக் கேட்கவா வேண்டும்! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

புகார் செய்ததும் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அசல் சான்றிதழ்தான். ஆனால் பொருளின் பெயர் இருக்கும் வரியைப் பார்த்தால், மேலே ஒட்டுகிற லாமினேட்டுக்கு வாங்கியது! உள்ளே இருக்கும் போர்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தட்டு ஒன்றைக் கழற்றினோம். கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பில் மட்டும் எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பை மூடி ஒட்டும் பட்டை. பின்விளிம்பு, வயர் போகும் ஓட்டை, கீல் குழி எல்லாம் மொட்டை. விரலால் தேய்த்தால் தூள் வருகிறது. மூடாத விளிம்பு வழியாகத்தான் இந்த வாயு அதிகம் கசியும்.

அப்புறம் ஒரு பையன் கையடக்க மீட்டரோடு வந்தான். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து அளந்துவிட்டு "நார்மல் சார்" என்றான். சானிடைசர் தடவிய கையைக் காட்டினாலே எகிறுகிற ரகம் அது. முறையான சோதனையில், போர்டுத் துண்டை மூடிய சோதனை அறையில் வைத்து, வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றையும் கட்டுக்குள் வைத்து, வெளிவரும் வாயுவை நாள்கணக்கில் அளப்பார்கள். இந்த வாயு எவ்வளவு கசியலாம் என்று போர்டுகளைப் பிரிக்கும் ஐரோப்பாவின் இ-1 வகுப்புக்கு எல்லை, கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராம். இ-0 என்ற வகுப்பே ஐரோப்பியத் தரவிதியில் கிடையாது. இங்கே ஆளுக்கொரு அளவைச் சொல்லி விற்கிறார்கள்.

ஆகவே, போர்டு தயாரித்த கம்பெனியின் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். போர்டின் வகை, கனம், சோதனை முறை, தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். ஷீட்டை வெட்டுவதற்கு முன் அதிலுள்ள முத்திரையைப் போட்டோ எடுங்கள். எங்களுக்கு எல்லாம் ஃபேக்டரியிலேயே வெட்டி வந்துவிட்டதால் முத்திரையைப் பார்க்க வழியில்லை. எல்லா விளிம்பிலும் எட்ஜ் பேண்ட் என்று கோட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறேன். போர்டின் அறிக்கையைக் காட்டினால் அன்றைக்கே தருகிறேன் என்று சொன்னேன். அதிலிருந்து அவர்கள் போனே எடுப்பதில்லை.