சாதாக் கப்பலா, இரட்டைக் கப்பலா: மழை விட்டதும் எதை மடிப்பது?

ஐப்பசி மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்ட ஒரு நாள், கும்பகோணத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கெல்லாம் மழை விட்டுவிட்டது. மொட்டை மாடியில் குழாய் வாயை வேப்பிலை அடைத்துக்கொண்டதால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து வயதான பெரியவளுக்கு இரட்டைக் கப்பல் மடிக்கத் தெரியும், பள்ளியில் கற்றுக்கொண்டது. ஆறு வயதான சின்னவனுக்கு எதுவும் தெரியாது. "மாமா, எனக்கும் ஒண்ணு சொல்லிக் கொடுங்க, நானே மடிக்கணும்" என்றான்.

எதைச் சொல்லிக்கொடுப்பது? இரண்டையும் மடித்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். அன்று தொடங்கி அந்த மழைக்காலம் முழுக்க இரண்டையும் விட்டுப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். நான் சாதாக் கப்பல் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாதாக் கப்பல் என்றால் எல்லோருக்கும் தெரிந்த அதேதான். தாளைப் பாதியாக மடித்து, இரண்டு மூலையையும் நடுவுக்கு இறக்கி, கீழே மிஞ்சும் பட்டையை இருபுறமும் மேலே ஏற்றினால் தொப்பி. தொப்பியை விரித்துச் சதுரமாக அமுக்கி, கீழ் முனைகளை மேலே மடித்து, மறுபடியும் விரித்து அமுக்கி, மேலே இருக்கும் இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்தால் நடுவில் பாய் நிமிர்ந்துகொள்ளும். இரட்டைக் கப்பலுக்குச் சதுரத் தாள் வேண்டும். நான்கு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, உள்ளே ஒளிந்திருக்கும் மூலைகளை வெளியே இழுத்து, பின்பக்கமாகப் பாதியாக மடித்தால் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பின்பக்கம் மடிக்காமல் கொஞ்சம் மாற்றி இழுத்தால் அதுவே காற்றாடி.

கத்திக் கப்பலும் இருக்கிறதே என்பீர்கள். நீளமாக, ஒரு முனை கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது எங்கள் வீட்டில் அண்ணனின் கைவேலை. பார்ப்பதற்கு அதற்கு இணை கிடையாது. நான் அதிகம் விட்டுப் பார்த்ததில்லை என்பதால் இந்த அலசலில் அதைச் சேர்க்கவில்லை.

மடிக்கச் சுலபம் எது என்றால் சாதாதான். அழகு எது என்றால் இரட்டை. இதில் பேச ஒன்றுமில்லை. பக்கவாட்டில் சாயாமல் போவதும் இரட்டைதான். அதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர் "கட்டுமரம்" என்றார். ஆங்கிலத்தில் இரண்டு உடல் கொண்ட படகுக்குச் சொல்லும் கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் நம் கடற்கரைக் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அதற்கு இரண்டு உடல் கிடையாது. சொல் கடல் தாண்டிப் போனபோது பொருள் மாறிவிட்டது.

தாள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். இரட்டைக் கப்பலுக்குச் சதுரம் எடுத்தால் 8.7 செ.மீ. பட்டை கிழிந்து வெளியே போகும். தாளில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம். சாதாக் கப்பல் முழுத் தாளையும் எடுத்துக்கொள்ளும். சதுரத் தாளில் சாதாக் கப்பல் வராது. மூலைகளை நடுவுக்கு இறக்கியதும் கீழே பட்டை மிஞ்சாது, பட்டை இல்லாமல் தொப்பிக்கு விளிம்பு இல்லை. சின்னவன் முதலில் எடுத்து வந்தது அக்காவின் வண்ணச் சதுரத் தாளை. பாதியில் நின்றுபோய் என் முகத்தைப் பார்த்தான். நோட்டுத் தாளைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

நோட்டில் கிழிக்கும்போது நடுப்பக்கத்தை எடுக்க வேண்டும் என்பது எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாதது. வேறு பக்கத்தைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் பின்னிலிருந்து கழன்று வந்துவிடும். நடுப்பக்கத்தில் பின் குத்திய ஓட்டைகள் மட்டும் இருக்கும். மடித்து முடித்ததும் அந்த ஓட்டை கப்பலின் அடியில் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைக் கப்பலுக்கும் அதற்குரிய மரியாதை உண்டு. 1893ல் டி. சுந்தர ராவ் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதிச் சென்னையில் வெளியிட்டார். கிண்டர்கார்டன் பிள்ளைகள் மடிக்கும் வண்ணத் தாள்கள்தான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தன. நூல் தொடங்குவதே தாறுமாறான ஒரு தாளிலிருந்து சதுரம் எடுப்பதில்தான். பெரியவள் இரட்டைக் கப்பலுக்காக மூலைவிட்டத்தில் மடித்து, மிச்சத்தைக் கிழித்து, நான்கு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தாள். பாதி, கால், மூலைவிட்டம் எல்லாம் ஸ்கேல் இல்லாமலே அவள் விரலுக்கு வந்துவிட்டன. வெயில் காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து மடிப்பதென்றால் நானும் இரட்டையைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆனால் மழையில் தண்ணீர் இருக்கிறது. என் முடிவு முழுக்க ஒரே விஷயத்தில்தான் நின்றது: நனைந்த பிறகு எது நிற்கிறது?

80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். அது மிதக்க 5 மில்லி தண்ணீரை ஒதுக்கினால் போதும், ஒரு டீஸ்பூன் அளவு. அதனால் தொடக்கத்தில் எந்தக் கப்பலும் மிதக்கும். சிக்கல் எடையில் இல்லை. தாள் நனைந்ததும் விறைப்பு போய்விடுவதில்தான் இருக்கிறது. விறைப்பு போனால் கப்பலின் பக்கச்சுவர்கள் உள்ளே சாயும், விளிம்பு தாழும், தண்ணீர் உள்ளே ஏறும். காகித நார் தண்ணீரைவிட அடர்த்தியானது. உள்ளே காற்று இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதுதான்.

இரட்டைக் கப்பலில் இரண்டு படகும் ஒடுக்கம். வாயைத் திறந்து பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. காய்ந்த தாளின் விறைப்பு மட்டும்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பெரியவளின் கப்பலில் ஒரு படகு நனைந்த வெற்றிலை மாதிரி மூடிக்கொண்டது. விரலை விட்டுத் திறந்துவிட்டாள். திரும்ப மூடியது. மூன்றாவது முறை விரல் போனபோது அடி மடிப்பு கிழிந்துவிட்டது.

சாதாக் கப்பலில் நடுவில் பாய் நிற்கிறது. அதை அழகுக்கு என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கப்பலைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் நீளமாக ஒரு பிளவு தெரியும். அதில் கட்டைவிரலை விட்டால் பாய்க்குள்ளே போகும். பாய் உள்ளே கூடாக இருக்கும் ஒரு கூம்பு. அதன் உச்சி தாளின் நட்டநடு. அங்கிருந்து தாள் கீழே இறங்கி, அடியில் மடங்கி, மேலேறிப் பக்கச்சுவராகிறது. எங்கும் வெட்டு இல்லாத ஒரே தாள் என்பதால், பிளவு வழியாக ஏறும் தண்ணீர் பாய்க்குள்தான் போகும், கப்பலுக்குள் வராது. அந்தக் கூம்பு இரண்டு பக்கச்சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்பதால், நனைந்த பிறகும் சுவர்கள் சாய்ந்து மூடிக்கொள்ள இடமில்லை.

அதனால்தான் தண்ணீரில் விடுவதற்கு முன் அடிப்பிளவைத் திறந்துவிட வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. காதுகளை இழுத்ததும் அப்படியே விட்டுவிடுவார்கள், கப்பல் ஒருபக்கமாகப் படுத்துவிடும். கட்டைவிரலை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை அகலம் பரப்பி, பாயின் கால் விரிந்து நிற்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். தரையில் நின்றால் தண்ணீரிலும் நிற்கும். சின்னவன் இந்த ஒரு வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்கிறான், விரல் சின்னது.

எந்தத் தாள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். எழுதும் தாளில் மை பரவாமல் இருக்க ஆலையிலேயே ஸ்டார்ச், ரோசின் என்னும் மரப்பிசின் மாதிரியானவற்றைச் சேர்ப்பார்கள். மையைத் தடுப்பது தண்ணீரையும் கொஞ்ச நேரம் தடுக்கும். செய்தித்தாளில் அந்தச் சேர்ப்பு மிகக் குறைவு. அச்சு மையை உடனே உறிஞ்ச வேண்டிய தாள் அது, தண்ணீரையும் அப்படியே உறிஞ்சும். பெரிய கப்பல் வேண்டும் என்று செய்தித்தாளில் மடித்தோம். விட்ட கொஞ்ச நேரத்திலேயே அடி கறுத்து, பாய் தலைசாய்ந்துவிட்டது. ஜெராக்ஸ் தாள் அரை மணி நேரம் தாங்கியது. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளும் சரி, மற்றதும் சரி, என் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரூல்டு நோட்டுத் தாள் செய்தித்தாளுக்கும் ஜெராக்ஸ் தாளுக்கும் நடுவில்.

தண்ணீர் முதலில் ஏறுவது மடிப்பு வழியாகத்தான். நகத்தால் அழுத்தி மடித்த இடத்தில் நார் முறிந்து, மேலே பூசிய சேர்ப்பும் விட்டுப்போயிருக்கும். அதனால் கப்பலை மடித்து முடித்த பிறகு, அடியிலும் மடிப்பு ஓரங்களிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். பிள்ளைகளிடம் கிரேயான் இருந்தால் அதுவும் போதும். மடிப்பதற்கு முன்பே தேய்த்தால் மடிக்கும்போது உதிர்ந்துவிடும். மெழுகு தேய்த்த சாதாக் கப்பல் குழாய் வாயைத் திறந்துவிட்டதும் ஓடும் தண்ணீரில் மாடியை இரண்டு முறை சுற்றி வந்து, வேப்பிலைக் குவியலில் தட்டி நின்றது. எடுத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த தாள்.

மெழுகு தேய்த்தால் இரட்டைக் கப்பலும் தாங்காதா? தாங்கியது, முன்னைவிட நன்றாகவே. ஆனால் ஒரே ஒருமுறைதான் அப்படிச் செய்து பார்த்தேன், அதிலும் மழை மறுபடி தூற ஆரம்பித்துவிட்டது. அதை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். கெட்டித் தாளில் மடித்தால் இரட்டையின் வாய் மூடாமல் இருக்கலாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் கெட்டித் தாளில் அத்தனை மடிப்பு பத்து வயது விரலுக்குக் கஷ்டம்.

அப்புறம், மறுபடி விடுவது. எனக்கு இதுவும் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் கையால் மடித்த முதல் கப்பலைத் தூக்கிப்போட மனம் வராது. நனைந்த சாதாக் கப்பலை ஈரத்தோடு விரிக்கக் கூடாது, நார் பிய்ந்துவிடும். தண்ணீரை வடித்து, பாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தூக்கி, அப்படியே ஒரு பேனா மூடியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். பாய்க்குள் மூடி நிற்பதால் வடிவம் கெடாமல் காயும். மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி. காலையில் விறைப்பு பெரும்பாலும் திரும்பிவிடும், அடி மட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். பிளவைத் திரும்பத் திறந்து, மெழுகு தேய்த்து விடலாம். இரட்டையைக் காயவைத்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு காய்கின்றன. பிரித்தால் கிழிகிறது.

சின்னவனின் முதல் கப்பல் ரூல்டு தாள், பாயில் நீலக் கோடுகள். மூன்று மழை பார்த்தது. இப்போது அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் கட்டையில், பேனா மூடியின் மேல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கிறது. பெரியவள் நேற்று போனில் கேட்டாள்: "மாமா, அந்த அடியைத் திறக்கிறதை என் ரெண்டு படகுக்கும் எப்படிச் செய்யறது?" உள்ளே ஒரு ஐஸ் குச்சியை உடைத்துக் குறுக்கே முட்டுக்கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.