தடயவியல் உளவியல் ஆன்லைன் கோர்ஸில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இன்று காலை, நான் பணம் கட்டிய கோர்ஸ் தளத்திடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." எப்படி முடித்தார்கள், யாரைக் கேட்டு முடித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. என் மூன்று மாதச் சம்பளம் போயிருக்கிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆன்லைனில் சான்றிதழ் படிப்பு விற்கிற தளங்களில் ஒன்று. குற்றப் புலனாய்வில் தடயவியலும் உளவியலும் என்று தலைப்பு. ஆறு மாதம், நேரடி வகுப்பு, ஆய்வகப் பயிற்சி, ஓய்வுபெற்ற விசாரணை அதிகாரிகளுடன் உரையாடல் என்றெல்லாம் விளம்பரம். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே உள்ள ஆசை. அந்த ஆசையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கே ஏமாந்தேன் என்பது இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இலவச அறிமுக வகுப்பில் ஒரு காணொளி போட்டார்கள். விசாரணை அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். இரண்டு நிமிடம் பேசுகிறார். "இவர் சொல்வது உண்மையா, பொய்யா? உங்கள் பதிலைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்றார் பயிற்சியாளர். நான் "பொய்" என்று அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "மேடம், இதைச் சரியா சொன்னவங்க ரொம்பக் கம்மி. உங்களுக்கு இயல்பாவே அந்தக் கண் இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சேர்ந்தா கட்டணத்துல சலுகை." அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. உனக்கு இது வரும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று ராத்திரியே கார்டில் மொத்தத்தையும் கட்டினேன். மூன்று மாதச் சம்பளம்.

அப்புறம் வந்ததெல்லாம் பழைய பதிவுக் காணொளிகள். நேரடி வகுப்பு "அடுத்த வாரம்", அதற்கடுத்த வாரமும் "அடுத்த வாரம்". ஆய்வகப் பயிற்சிக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. கருப்புப் பொடி ஒரு டப்பா, ஒரு பிரஷ், ஒட்டுநாடா. கண்ணாடி டம்ளரில் என் பெருவிரலை அழுத்திவிட்டுப் பொடியைத் தடவினேன். பிரஷிலிருந்து முடி கொட்டி ரேகைமேலேயே ஒட்டிக்கொண்டது. பொடி ஈரம் பட்ட மாவு மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டது. நாடாவை உரித்தபோது கிடைத்தது ஒரு கருப்புத் திட்டு, அதில் ஒரு வரிகூடப் பிரிந்து தெரியவில்லை. தினமும் தூள்களோடு புழங்குகிறவள் நான். பொடி எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெட்டியைக்கூட விடுங்கள். சொல்லிக்கொடுத்ததே தப்பு. கண் வலப்பக்கம் போனால் பொய் என்று ஒரு பாடம் முழுக்க. கண் போகும் திசைக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை என்று 2012இலேயே சோதித்துப் பார்த்து வெளியிட்டுவிட்டார்கள். 2006இல் 200க்கும் மேற்பட்ட ஆய்வு அறிக்கைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மனிதர்கள் உண்மையையும் பொய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். "அந்தக் கண்" என்று என்னிடம் விற்றது இதைத்தான்.

இன்னொரு பாடத்தில், கைரேகை நிபுணர் தவறவே மாட்டார் என்றார்கள். 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்கள் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அடித்துச் சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடைய ரேகை என்று கண்டுபிடித்த பிறகு எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. அதற்குப் பின் இட்டியல் டிரோர் என்ற உளவியலாளர் ஐந்து நிபுணர்களிடம் ஒரு சோதனை செய்தார். முன்பு அவர்களே பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை எடுத்து, இதுதான் மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ஜோடி என்று சொல்லிக் காட்டினார். ஐந்தில் நான்கு பேர் பழைய முடிவிலிருந்து மாறிவிட்டார்கள். ரேகை அதேதான், காதில் விழுந்த கதைதான் வேறு. தடயவியலும் உளவியலும் சந்திக்கிற இடம் என்றால் இதுதானே! ஆறு மாதப் படிப்பில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

ஒப்புதல் வாக்குமூலம் வந்தால் வழக்கு முடிந்தது என்றும் ஒரு காணொளி. டிஎன்ஏ சோதனை குற்ற வழக்கில் முதன்முதலாகப் பயன்பட்டது 1986இல், இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில். அங்கே கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை, அவன் செய்யவில்லை என்று காட்டி விடுவித்தது அந்தச் சோதனை. செய்யாததை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்பதைப் படிக்கத்தான் நான் சேர்ந்தேன்.

இதையெல்லாம் பணிவாகவே எழுதி வாட்ஸப் குழுவில் கேட்டேன். அன்று சாயங்காலமே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ரீஃபண்ட் கேட்டேன். "எங்கள் கல்விக் குழு தொடர்புகொள்ளும்." நான்கு நாள் கழித்து, "சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார்." அதற்கப்புறம், "20 சதவீதத்துக்கு மேல் பாடம் பார்த்துவிட்டதால் பணம் திரும்பத் தர இயலாது." வரவேற்புக் காணொளியும் கணக்காம். போனில் பேசிய பெண்ணிடம், "என் மூன்று மாதச் சம்பளம்மா இது" என்றேன். "புரியுது மேடம், வேற ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்டார். அறிமுக நாளில் போன் செய்த எண் இப்போது எடுப்பதே இல்லை.

நீக்கப்பட்ட பிறகு உடன் படித்தவர் ஒருவர் தனியாகப் பேசினார். அவரும் அதே காணொளியைப் பார்த்தவர். அவர் அனுப்பிய பதில் "உண்மை". அவருக்கும் பத்து நிமிடத்தில் போன், அவருக்கும் "அந்தக் கண்". போனை வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு உளவியலில் பெயரே இருக்கிறது: அடையாளம் காட்டிய பின் சொல்லும் பாராட்டின் விளைவு (post-identification feedback effect). 1998இல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் இருவரும் செய்த ஆய்வு. கண்காணிப்புக் கேமரா பதிவைக் காட்டிவிட்டு, குற்றவாளியே இல்லாத புகைப்பட வரிசையிலிருந்து ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டிய எல்லோரும் தவறாகவே காட்டினார்கள். அதில் சிலரிடம் மட்டும், "நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அவர்களுக்கு உறுதி கூடிவிட்டது. முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன், கவனித்துப் பார்த்தேன் என்றுகூடச் சொன்னார்கள். சாட்சியிடம் அப்படி எதுவும் சொல்லக் கூடாது என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். என்னிடம் செய்தது அச்சு அசல் அதே வேலை. அந்த ஆளைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் தட்டியது என்று நானே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் சொன்னது உண்மையா பொய்யா என்று கடைசிவரை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. "இன்றிரவுக்குள்" என்றால் கட்டாதீர்கள். பாடம் நடத்துபவரின் பெயரும் படிப்பும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வேலைக்குப் போக நினைக்கும் ஆய்வகத்துக்கே எழுதி, இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். நான் பணம் கட்டிய பிறகுதான் கேட்டேன், இல்லை என்றார்கள். முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், ஆதாரம் கேட்கிறார்கள். அதே அறிமுக வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் "உண்மை" என்று அனுப்பினீர்களா "பொய்" என்றா, போனில் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது.