தனியாளுக்கு எந்தத் தீவு: ஈத்ராவா, எயினாவா?

பிரேயஸ் துறைமுகத்தில் இ8 என்று எழுதியிருக்கும் வாயில்தான் சரோனிக் வளைகுடாத் தீவுகளுக்கு. ஏதென்ஸ் மெட்ரோவில் கடைசி நிறுத்தத்துப் பக்கம் இறங்கி, சாலையைக் கடந்து கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். அங்கே வரிசையாக நிற்கும் டிக்கெட் கூண்டுகளில் ஒன்றில் எயினாவுக்குக் கொடுப்பார்கள், இன்னொன்றில் ஈத்ராவுக்கு. வரைபடங்களில் ஏஜினா, ஹைட்ரா என்று பார்த்திருப்பீர்கள். கிரேக்கர்கள் வாயில் கேட்டபடி நான் எழுதுகிறேன். கையில் ஒரு நாள் இருக்கிறது, கூட யாரும் இல்லை, பார்த்தே தீர வேண்டியது என்று எதுவும் இல்லை. எந்தக் கூண்டுக்குப் போவது?

சென்ற செப்டம்பரில் வேலை நிமித்தம் ஏதென்ஸில் இரண்டு வாரம் தங்கினேன். இரண்டு சனிக்கிழமைகள் சொந்தமாகக் கிடைத்தன. முதலாவதை ஈத்ராவுக்கும் இரண்டாவதை எயினாவுக்கும் கொடுத்தேன். சாந்தோரினி என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: வேகக் கப்பலிலேயே ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு ஓய்வு என்று பெயர் இல்லை. ஈத்ரா, போரோஸ், எயினா மூன்றையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவரும் உல்லாசக் கப்பலும் இருக்கிறது. மணியடித்தால் இறங்கி, மணியடித்தால் ஏறும் பள்ளிச் சுற்றுலா அது. அதையும் விட்டுவிட்டேன்.

அழகில் போட்டியே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கப்பல் ஒரு மலை முனையைத் தாண்டித் திரும்பும் வரை ஈத்ரா ஊர் கண்ணில் படாது. திரும்பியதும் மொத்தமும் ஒரே நேரத்தில் தெரியும். லாட வடிவத் துறைமுகம், அதைச் சுற்றிப் படிப்படியாக மேலேறும் வீடுகள், நடுவில் பளிங்கு மணிக்கூண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் கப்பல் வணிகத்தில் பெரும்பணம் சேர்த்த குடும்பங்கள் கட்டிய சாம்பல் நிறக் கல் மாளிகைகள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. 1821இல் துருக்கியருக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியபோது அந்தக் குடும்பங்கள் வணிகக் கப்பல்களைப் போர்க்கப்பல்களாக்கி அனுப்பின. துறைமுக வாயிலில் பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன.

அழகைவிட எனக்குப் பிடித்தது சத்தமின்மை. ஈத்ராவில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. குப்பை லாரி மாதிரி ஒன்றிரண்டைத் தவிர எதுவும் கிடையாது, ஸ்கூட்டர்கூட இல்லை. மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதையின் முதுகில்தான். நான் இறங்கிய பத்தாவது நிமிடம் ஒரு கழுதை என்னைக் கடந்து படியேறியது. ஒரு பக்கம் இரண்டு சிமென்ட் மூட்டை, மறு பக்கம் யாரோ ஒரு விருந்தாளியின் ரோஜா நிறப் பெட்டி. லாடம் கல்லில் பட்டு எழும் சத்தம் மேல் தெருவரைக்கும் தனியாகக் கேட்டது. சென்னையின் ஹாரன் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு இது சிகிச்சை மாதிரி.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். ஈத்ரா, தனியாளை ஓர் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை.

முதல் பாடம் கடல் டாக்ஸியில் கிடைத்தது. வண்டி இல்லாத தீவில் கடற்கரைக்குக் கடற்கரை போக மரப்படகுகள் இருக்கின்றன. விலையைக் கேட்டேன். ஆளுக்கு என்று நினைத்துத் தலையாட்டப் போனேன். படகுக்காரர் சிரித்துவிட்டு, ஆளுக்கு அல்ல, படகுக்கு என்றார். ஆறு பேர் பங்கிட்டால் காப்பிக் காசு. ஒருவரே கொடுத்தால் ஓர் இராத்திரி அறை வாடகை நினைவுக்கு வரும். சரி, நடப்போம் என்று கிளம்பினேன்.

அந்த நடைக்காகப் படகுக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். துறைமுகத்திலிருந்து கடலை ஒட்டியே பாதை போகிறது. முதலில் கமினி என்ற குட்டி மீனவர் துறை, பிறகு விலிஹோஸ் கடற்கரை. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். கமினிக்குப் போகும் வழியில் லெனர்ட் கோஹெனின் நினைவாக ரசிகர்கள் வைத்த கல் பெஞ்ச் ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த அந்தக் கவிஞர் 1960இல் இங்கே 1500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். பாடகர் என்று உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான். பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். இரு தீவுகளிலும் சேர்த்து, தனியாள் உட்காரச் சிறந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காசும் இல்லை.

விலிஹோஸில் இரண்டாவது பாடம். ஒரு குடைக்கு இரண்டு சாய்வு நாற்காலி, இரண்டும் சேர்த்துத்தான் வாடகை. பக்கத்து நாற்காலியில் என் செருப்பு மல்லாந்து படுத்து வெயில் காய்ந்தது. மூன்றாவது பாடம் துறைமுகத்து உணவகம் ஒன்றில். தண்ணீர் ஓரத்து மேசைகளில் பாதி காலி. "ஒருவர்தானா?" என்று கேட்ட பணியாளர், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார். காகித விரிப்பைப் போட்டு, காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டி, எதிரே இருந்த தட்டு, தம்ளர், முள்கரண்டியை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு போனார். சத்தமில்லாத தீவில் அந்த ஒரு தட்டு இன்னொன்றின் மேல் உட்காரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மீன் கிலோ விலையில். ஒருவருக்குப் போதுமான அளவில் இன்று மீன் இல்லை என்றார். பொரித்த சீமைச் சுரைக்காயும் ரொட்டியும் சாப்பிட்டேன். சுரைக்காய் நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதில் ஈத்ராக்காரர்களின் தவறு பெரிதாக இல்லை. சின்னத் துறைமுகம், குறுகிய பருவகாலம், ஒவ்வொரு மேசைக்கும் கணக்கு இருக்கிறது. ஊரின் பெயர் தண்ணீரைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ஊற்றுகள் வற்றி, நீண்ட காலம் குடிநீரே பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தது. எல்லாம் கடல் கடந்து வந்து கழுதை முதுகில் ஏறும் ஊரில் விலை கூடத்தான் செய்யும். எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டே முகம் சுளிக்கவும் முடிகிறது.

அடுத்த வாரம் எயினா. ஈத்ராவுக்குப் போனது மூடிய கண்ணாடிக்குள் உட்காரவைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோன வேகப் படகு; பஸ்ஸில் உட்கார்ந்தது மாதிரி. எயினாவுக்கும் நாற்பது நிமிடத்தில் போகும் வேகப் படகு உண்டு. அதில் ஏறாதீர்கள். கார்களையும் லாரிகளையும் விழுங்கிக்கொண்டு போகும் பழைய பாணிக் கப்பலில் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரம், திறந்த மேல்தளம், கூடவே பறக்கும் கடற்புறாக்கள். பிரேயஸ் தெருவில் வாங்கிய எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே போனேன். விடுமுறை இங்கேயே தொடங்கிவிடுகிறது. கட்டணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஈத்ராவுக்கு ஒரு வழிக்குக் கொடுத்ததில் எயினாவுக்குப் போய்த் திரும்பி, மதியச் சாப்பாட்டுக்கும் மிச்சம் இருந்தது.

இறங்கியவுடன் மூச்சை நிறுத்தும் காட்சி எதுவும் இல்லை. துறைமுகக் கரையில் கார், ஸ்கூட்டர், ஒலிப்பான். சிறு வெள்ளைத் தேவாலயம் ஒன்று, பிஸ்தா விற்கும் கூண்டுகள், காய்கறியும் பழமும் குவித்துக் கரையில் கட்டிய படகுக் கடை. ஈத்ராவிலிருந்து வந்த காதுக்கு முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருந்தது.

எரிச்சல் தீர்ந்தது காப்பிக் கடையில். பழைய பாணிக் கடை அது, காஃபெனியோ என்பார்கள். நாற்காலிகள் எல்லாம் தெருவைப் பார்த்தே போடப்பட்டிருந்தன. ஏழெட்டுக் கிழவர்கள், ஒரு மேசைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் மணிமாலை உருண்டுகொண்டிருந்தது. ஜெபத்துக்கு இல்லை, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு. ஒருவர் செய்தித்தாளைப் படிக்காமல் மடியில் வைத்திருந்தார். எதிரே காலி நாற்காலி இருப்பது குறை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நான் ஒன்பதாவது கிழவராக ஒரு மேசையில் சேர்ந்துகொண்டேன். காப்பியைச் சொல்லும்போதே சர்க்கரையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பொடியும் சர்க்கரையும் சேர்ந்தே கொதிக்கின்றன. சர்க்கரை இல்லையென்றால் ஸ்கேதோஸ், மட்டாக என்றால் மேத்ரியோஸ், தித்திப்பாக என்றால் க்ளிகோஸ். மேத்ரியோஸ் சொன்னேன். அடியில் மண்டி தங்கும் வரை காத்திருந்து குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எழுந்திருக்கச் சொல்லி ஒரு பார்வைகூட வரவில்லை.

எயினா மிகப் பழைய வியாபாரிகளின் ஊர். கிரேக்க நிலத்தில் முதன்முதலில் வெள்ளிக் காசு அடித்தவர்களில் இவர்கள் உண்டு. காசில் கடலாமை முத்திரை. 1828இல் புதிய கிரேக்க நாட்டின் முதல் ஆட்சித்தலைவர் கபோதிஸ்திரியாஸ் பதவியேற்றதும் இங்கேதான். கொஞ்ச காலம் இதுதான் தலைநகர். அப்படிப்பட்ட வியாபாரிகள் தனியாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருந்தது. பஸ் டிக்கெட் ஆளுக்கு. பிஸ்தா நூறு கிராமிலிருந்து. துறைமுகத்துக்குப் பின் சந்தில், மீன் கடைகளுக்கு நடுவே உள்ள சிறு உணவகங்களில் வைன்கூட கிலோக் கணக்கில், அதிலும் கால் கிலோ கொடுக்கிறார்கள். சுட்ட ஆக்டோபஸ் ஒரு கால் மட்டும் கேட்டால் ஒரு கால் வருகிறது. மசாலா கிடையாது, எலுமிச்சையும் எண்ணெயும்தான். கரி வாசனை போதும் என்று சமையல்காரர் முடிவு செய்திருந்தார், சரியான முடிவு.

மீன், இறைச்சி வேண்டாதவர்களுக்கு இரண்டு தீவுகளும் ஒன்றுதான்: அரிசி அடைத்த தக்காளி, தக்காளிச் சாறில் வெந்த பெரிய வெள்ளை அவரை, எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட கீரை. பட்டினி இல்லை.

பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் எயினாவில் ஆஃபாயா கோயில் இருக்கிறது. ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ் போகிறது. பைன் மரக் குன்றின் மேல், கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கோயில். தூண்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. அதன் முகப்புச் சிற்பங்கள் 1811இல் தோண்டியெடுக்கப்பட்டு, பவேரியாவின் இளவரசர் வாங்கியதால் இன்று மியூனிக்கில் இருக்கின்றன. சிற்பம் ஜெர்மனியில், கோயில் குன்றின் மேல். கோயில் சிலைகள் கடல் கடந்த கதையை நன்கறிந்த நமக்கு இது சட்டென்று உறைக்கிறது. காலை முதல் பஸ்ஸில் போனதால் கூட்டம் இல்லை. தூண்களின் இடைவெளியில் கடல் தெரிந்தது. ஈத்ரா மாளிகைகளை அண்ணாந்து பார்த்ததைவிட இங்கே நேரம் நன்றாகக் கழிந்தது என்று சொன்னால் அது என் பக்கச்சார்பு.

மாலையில் ஊரை ஒட்டிய கொலோனா கடற்கரையில் குளித்தேன். அப்போலோ கோயிலின் ஒற்றைத் தூண் மட்டும் மிஞ்சிய மேட்டுக்குக் கீழே இருக்கிறது. தனியாகப் போகிறவருக்குக் கடலில் ஒரே ஒரு கவலைதான்: பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கும் பையை என்ன செய்வது? ஈத்ராவில், பாறையிலிருந்து ஏணி வழியே இறங்கும் ஆழக் கடலில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பையைப் பார்த்தபடியே நீந்தினேன். தண்ணீர் என்னவோ அங்கேதான் தெளிவு. காலுக்கு இருபதடி கீழே கல் எண்ணலாம். கொலோனாவில் தண்ணீர் சுமார், ஆழமும் இல்லை. ஆனால் இடுப்பளவு நீரில் வெயில் தொப்பியோடு நான்கு பாட்டிகள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீந்தவில்லை, நின்றார்கள், நான் வந்தபோதும் நின்றார்கள், போகும்போதும் நின்றார்கள். பையை எங்கே வைப்பது என்று நான் தயங்கியதைப் பார்த்த ஒரு பாட்டி, தன் துண்டுக்குப் பக்கத்தில் வை என்று கையால் காட்டினார். வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மல்லாந்து மிதந்தேன்.

இன்னொரு நாள் இருந்தால் பஸ்ஸில் பெர்திகா போய், அங்கிருந்து பத்து நிமிடப் படகில் மோனி என்ற ஆளில்லாத் தீவுக்குப் போயிருப்பேன். மானும் மயிலும் திரிகிற இடம். ஆஃபாயாவையும் மோனியையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். பஸ் நேரத்தைப் பார்த்தே பொழுது போய்விடும்.

எனவே என் ஓட்டு எயினாவுக்கு, ஒரு விதிவிலக்கோடு. இரவு தங்கக் காசு இருந்தால் ஈத்ரா. ஒருநாள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மாலைப் படகுகள் கிளம்பிய பிறகு அந்தத் துறைமுகம் எப்படி இருக்கும் என்பதை, கிளம்பும் படகின் கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்த்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு அதுதான் கடைசிப் படகு. டிக்கெட்டில் இருக்கை எண்கூட அச்சாகியிருந்தது.

எயினாவில் அப்படி அவசரம் இல்லை. ஆறு மணிக் கப்பலைப் பிடிக்கலாம் என்று துறைமுகத்துக்கு வந்தேன். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை, கையில் பிஸ்தாப் பொட்டலம் திறந்திருந்தது. கப்பலின் பின்கதவு சங்கிலி கிறீச்சிட மேலேறியது. அடுத்தது எப்போது என்று கூண்டில் கேட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் என்றார் உள்ளே இருந்தவர். கரைச்சுவரில் உட்கார்ந்து அடுத்த ஓட்டை உடைத்தேன்.