பாலிஅனிலினா, நானோகுழாயா? அலைத் தடுப்புக்கு எந்தக் கலவை

பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கு மின்காந்தக் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பே கிடையாது. பிளாஸ்டிக்கையே மின்சாரம் கடத்த வைத்தால் கிடைக்கும். 20 டெசிபல் தடுப்பு என்றால் வரும் திறனில் 99 சதவீதம் அந்தப் பக்கம் போகாது. 30 என்றால் 99.9.

மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலினைத் துணியின் மீதே வளர்ப்பது எளிய வழி. அனிலின், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அமோனியம் பெர்சல்ஃபேட், ஒரு ஐஸ் தொட்டி போதும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் நீலம் தட்டி, கரும்பச்சையாகும். அமிலம் ஏறிய அந்தப் பச்சைதான் கடத்தும் வடிவம். காரமான சோப்பு நீரில் அலசினால் நீலத்துக்குத் திரும்பி, கடத்தும் திறனும் போய்விடும். துவைக்கத் தேவையில்லாத திரைக்குச் சரி, சட்டைக்குச் சரிவராது.

இதே பாலிஅனிலினை உருக்கிக் கலக்கலாமா? ஹைட்ரோகுளோரிக் அமிலம் சூட்டில் ஆவியாகிவிடும். அதனால் டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். சலவைத்தூளில் நுரை தரும் பொருளின் அமில வடிவம்தான் அது. பாலிஎத்திலீன் போலக் குறைந்த சூட்டில் உருகுபவற்றோடு ஒத்துப்போகும். ஆனால் மிஞ்சிய அமிலம் பொருளைத் தொளதொளவென்று ஆக்கும், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரையும் அரிக்கும். துணிமேல் வளர்ப்பது, இப்படி உருக்கிக் கலப்பது, கார்பன் சேர்ப்பது என்ற மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

பெட்டி வார்க்க வேண்டுமென்றால் கார்பன் பக்கம் போவேன். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பாலிமர்களை எடுத்து, கார்பனை ஒன்றில் மட்டும் தங்கவைப்பது உத்தி. அந்தப் பாலிமரும் அறுபடாமல் ஓடினால், குறைந்த கார்பனிலேயே மின்சாரம் ஓடும் வலை பின்னிவிடும். புகைக்கரி போன்ற தூளான கார்பன் பிளாக்கை வைத்து 1991-லேயே சுமிதா குழுவினர் இதைக் காட்டினார்கள். மிக மெல்லிய கார்பன் குழாயான நானோகுழாய் என்றால் இன்னும் குறைவாகவே போதும்.

எந்தப் பாலிமரில் தங்குவது என்பதை நாம் மட்டும் முடிவு செய்வதில்லை. பாலிகார்பனேட்டும் ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த கலவையில், நானோகுழாயை முதலில் இரண்டாவதோடு பிசைந்து வைத்தாலும், உருக்கிக் கலக்கும் சில நிமிடங்களில் அது பாலிகார்பனேட்டுக்குள் குடிபோய்விடும். பாலிகார்பனேட் குழாயின் மேல் நன்றாகப் படர்ந்து ஒட்டும், அதாவது அங்கே நனைதல் அதற்குச் சாதகம்.

அடுத்த சிக்கல் வார்ப்பில். அழுத்தி வார்த்த தகட்டில் குழாய்கள் தாறுமாறாகக் கிடந்து ஒன்றையொன்று தொடும். இஞ்செக்‌ஷன் மோல்டிங்கின் வேகம் அவற்றை ஓட்டத்தின் திசையில் சீவிவிடும். அதே கலவையில் கடத்துதிறன் இறங்கும். அதனால் மாஸ்டர்பேட்ச் (கார்பனைச் செறிவாக ஏற்றிய பிளாஸ்டிக் குருணை) டேட்டா ஷீட்டில் டெசிபல் எண்ணைப் பார்க்குமுன், எப்படி வார்த்த தகடு, எத்தனை மில்லிமீட்டர், எந்த அலைவரிசை என்று தேடுவேன். இல்லாவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை.