மஞ்சள் சீட்டின் பெறுமதி: கையொப்பமிட்ட காமிக்ஸுக்கான தரமதிப்பீட்டுச் சேவை, திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பாய்வு

கையொப்பம் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் தரப்புள்ளியை உயர்த்துவதில்லை. ‘கையொப்பமிருந்தால் புள்ளி கூடுமா?’ என்று, பழைய சித்திரக்கதைகளைத் தேடிச் சேர்க்கும் திருகோணமலை நண்பர்களிடையே அடிக்கடி எழும் கேள்விக்கு இதுவே முதல் விடை. ஆகையால், காமிக்ஸ் புத்தகங்களின் நிலையை ஆராய்ந்து புள்ளி வழங்கும் அமெரிக்காவின் சீ.ஜீ.சீ. நிறுவனம் கையொப்பமிட்ட புத்தகங்களுக்கென நடத்திவரும் ‘சிக்னேச்சர் சீரிஸ்’ சேவையைப் பற்றிய இம்மதிப்பாய்வையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். கையொப்பத்தால் மாறுவது புள்ளி அச்சிடப்படும் சீட்டின் நிறம். கையொப்பமிட்டவர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், அவர் பேனையை எடுத்தபோது அருகில் நின்றவர் யார் என்பதைக் கொண்டே அந்த நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, புளோரிடா மாநிலத்தின் சரசோட்டா நகரிலிருந்து இயங்கும் இந்நிறுவனம், அனுப்பப்படும் புத்தகத்தின் முதுகு, முனைகள், தாள்களைப் பிணைக்கும் கம்பிகள், அட்டையின் மினுக்கம், தாள்களின் வெண்மை ஆகியவற்றை ஆராய்ந்து, 0.5 முதல் 10.0 வரையிலான 25 படிகளுள் ஒன்றை அதற்கு வழங்கி, தடித்த பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் திருப்பித் தருகிறது. பேழையின் மேற்பகுதியில் உள்ள சீட்டு நீலமாயின் அது வழமையான தரமதிப்பீடு. ஊதாவாயின் புத்தகம் பழுதுபார்க்கப்பட்டது. பச்சையாயின் குறிப்பிட்டதொரு குறையை ஒதுக்கிவைத்து மதிப்பிடப்பட்டது. மஞ்சள் சீட்டு கையொப்பத்துக்கு உரியது. நிறுவனத்தின் பிரதிநிதியோ அதன் அங்கீகாரம் பெற்ற சாட்சியோ நேரில் பார்த்திருக்க இடப்பட்ட கையொப்பத்துக்கு மட்டுமே அது கிடைக்கும். அந்தச் சாட்சி புத்தகத்தை அங்கேயே பொறுப்பேற்று நேரே நிறுவனத்திடம் சேர்க்கிறார். இடையில் உரிமையாளர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டால் மஞ்சள் சீட்டுக்கான தகுதி போய்விடுகிறது.

என்னிடமுள்ள மஞ்சள் சீட்டுப் புத்தகம், ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்டான் லீ கையொப்பமிட்ட 1990களின் ஸ்பைடர்மேன் இதழ் ஒன்று. டொரொண்டோவில் வாழும் என் சித்தியின் மகன், ஏற்கெனவே பேழையிலிடப்பட்டிருந்த நிலையில் அதனை வாங்கி, ஊருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து தந்தான். சீட்டில் 9.4 என்ற புள்ளியும், தாள்கள் வெண்மையானவை என்ற குறிப்பும், கையொப்பமிட்டவரின் பெயரும், கையொப்பமிட்ட திகதியும் உள்ளன. அட்டையின் வெளிர்நீல வானப் பகுதியில் தடித்த கறுப்பு மார்க்கரால் இடப்பட்ட கையொப்பம் ஒரு விரல் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. கடைசி எழுத்தின் வாலில் மை சற்றே ஊறியிருக்கிறது. அந்த ஊறலுக்காகப் புள்ளி குறைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மேற்கம்பிக்கு அருகே முதுகில் இரண்டு நுண்ணிய வெண்கோடுகளும், கீழ்முனையில் கடுகளவு நிறச் சிதைவும் தெரிகின்றன, 9.4 என்பது அவற்றுக்கான புள்ளி. மையை மையாகவும் குறையைக் குறையாகவும் பிரித்துப் பார்க்கும் இந்தக் கவனத்தையே இச்சேவையின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன்.

சாட்சியில்லாத கையொப்பத்தின் நிலை முற்றிலும் வேறு. உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாங்கள் எல்லோரும் ‘சேர்’ என்றே அழைப்பவர், சென்னைப் புத்தகக் கண்காட்சியில் தாம் நேரில் கையொப்பம் பெற்ற தமிழ்க் காமிக்ஸ் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். “தம்பி, இதை அனுப்பினால் எந்தச் சீட்டு கிடைக்கும்?” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கையொப்பம் உண்மையானது என்பதில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆயினும் மதிப்பீட்டாளரின் மேசையில் அது கையொப்பமாகக் கொள்ளப்படாமல், அட்டையில் எவரோ எழுதிய எழுத்தாகவே கொள்ளப்படும். ஒன்றில், எழுத்தை ஒதுக்கி ஏனைய நிலையை மட்டும் மதிப்பிட்டு, ‘அட்டையில் பெயர் எழுதப்பட்டுள்ளது’ என்ற குறிப்போடு பச்சைச் சீட்டு தரப்படும். அல்லது, எழுத்தையும் குறையாகச் சேர்த்துக் கணக்கிட்டு, குறைந்த புள்ளியோடு நீலச் சீட்டு தரப்படும். பச்சைச் சீட்டில் எண் உயர்ந்து நின்றாலும் வாங்குவோர் அதனைத் தயக்கத்தோடுதான் பார்க்கின்றனர். விற்கும் எண்ணமுள்ளவர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

எழுத்துகள் அனைத்தும் ஒரே கண்டிப்போடு பார்க்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அமெரிக்க இதழ்களில், விற்பனையாளர்கள் இதழ் கடைக்கு வந்த திகதியைப் பென்சிலால் மூலையில் குறித்துவைப்பது வழக்கமாயிருந்தது. இத்தகைய சிறு குறிப்புகளை மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். உயர்ந்த புள்ளி பெற்ற புத்தகங்களிலும் அவை காணப்படுகின்றன. நம் ஊரில் கைமாறி வரும் சித்திரக்கதைகளில் வாசிகசாலை முத்திரையும், முதல் உரிமையாளரான சிறுவன் நீல நிறப் பேனையால் அட்டை முழுவதும் எழுதிய பெயரும் இருப்பது சாதாரணம். அவை அந்தச் சலுகைக்குள் அடங்கா. மேலும், குமிழ்முனைப் பேனை மையை மட்டும் விட்டுச் செல்வதில்லை. தாளில் பள்ளத்தையும் பதிக்கிறது. அட்டையின் உட்புறத்தைத் தடவினாலே அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும்.

இச்சேவையின் மீது எனக்குள்ள குறை அதன் அடிப்படை ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அது உறுதிப்படுத்துவது சாட்சியைத்தான். சாட்சியில்லாத இடத்தில் உண்மைக்கு அங்கு இடமில்லை. புகழ்பெற்ற அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கேர்பி 1994இல் காலமானார். நிறுவனமோ 2000இல்தான் தோன்றியது. அவர் தம் கையால் வாசகருக்கு இட்டுக் கொடுத்த எந்தக் கையொப்பமும், எவ்வளவு தெளிவானதாயினும், சாட்சியின் பேரில் மஞ்சள் சீட்டைப் பெற வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே 2014இல் தொடங்கிய சீ.பீ.சீ.எஸ். நிறுவனம், முன்னரே இடப்பட்ட கையொப்பங்களை நிபுணர்களைக் கொண்டு ஒப்பிட்டுச் சரிபார்த்துச் சிவப்புச் சீட்டு வழங்குகிறது. அண்மைக் காலத்தில் சீ.ஜீ.சீ.யும் ஜே.எஸ்.ஏ. என்னும் கையொப்பச் சரிபார்ப்பு நிறுவனத்தோடு இணைந்து இதற்கொரு வழியைத் திறந்திருக்கிறது. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒப்பிடுவதற்கு நம்பகமான மாதிரிக் கையொப்பங்கள் திரட்டப்பட்டிருந்தால்தான் இம்முறை பயன் தரும். நம் தமிழ் ஓவியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் அத்தகைய திரட்டை நாமே தொடங்காவிட்டால் வேறெவரும் தொடங்கப்போவதில்லை. ஆகவே சேரின் புத்தகத்தை அனுப்ப வேண்டாம் என்றே சொன்னேன். அது அவரிடம் இருப்பதுதான் அதற்குப் பெருமை.

வெளிநாட்டு உறவினர் மூலம் சாட்சியோடு கையொப்பம் பெற நினைப்பவர்கள், கையொப்பத்துக்கு முன்னரே செய்துமுடிக்க வேண்டியவை சில உள்ளன. அட்டையிலுள்ள மெல்லிய வளைவுகளை நீக்க வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்யும் ‘பிரெஸ்ஸிங்’கை முன்னரே முடித்துவிட வேண்டும், மை காய்ந்த பின்னர் அதைச் செய்தால் மை ஒட்டிப் பெயரும் அபாயமுண்டு. கையொப்பமிட வேண்டிய இடத்தை மட்டும் சன்னல்போல் வெட்டித் திறந்த உறைக்குள் புத்தகத்தை வைத்துக் கொடுப்பது நல்லது. கையொப்பமிடுபவரின் உள்ளங்கை ஏனைய பகுதியில் படாது. இருண்ட அட்டைக்கு வெள்ளி அல்லது பொன்னிற மையைத் தெரிவுசெய்யுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால் புள்ளி குறையாது. விற்கும்போது விலைதான் குறையும். ஏற்கெனவே நீலச் சீட்டோடு பேழையில் உள்ள புத்தகத்தில் கையொப்பம் வாங்குவதாயின், பேழையை உடைத்துத்தான் ஆகவேண்டும். புத்தகம் மீண்டும் மதிப்பிடப்படும். முன்னர் 9.8 பெற்றது 9.6 ஆகத் திரும்பி வரலாம். அந்தச் சிறு வித்தியாசம் விலையில் பெரிதாகத் தெரியும்.

செலவு குறித்தும் மனம் கூசாமல் கணக்கிட வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணம் புத்தகத்தின் வயதையும் பெறுமதியையும் பொறுத்துப் பல படிகளாக உள்ளது. கையொப்பச் சேவைக்கு வழமையான மதிப்பீட்டைவிடக் கூடுதலாகும். கையொப்பமிடுபவருக்கான தொகை தனி. அதற்கு மேல் தபாற் செலவும் காப்புறுதியும் கொழும்பில் சுங்கமும் இருக்கின்றன. கையொப்பத்தை விரும்புபவருக்கு, ஏற்கெனவே மஞ்சள் சீட்டோடு விற்பனைக்கு வரும் புத்தகத்தை வாங்குவதே திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது சிக்கனமான வழி. பணம் செலுத்துவதற்கு முன்னர், சீட்டிலுள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, புள்ளியும் கையொப்ப விபரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேழைக்குள் அடைத்துவிட்டதால் புத்தகம் காலத்தை வென்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பேழை காற்றுப் புகாததன்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரையோர வீடுகளில் ஈரமும் உப்பும் எங்கும் நுழைகின்றன. கம்பிகளில் துரு பிடித்தால் அது தாளையும் கறையாக்கும். மார்க்கர் மையோ வெளிச்சம் பட்டால் வெளிறும். ஆகவே கையொப்பம் தெரிய வேண்டுமென்று சுவரில் மாட்டாமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய பெட்டியில் நிமிர்த்தி வைத்து, மாரி முடிந்ததும் அந்தப் பொதிகளை மாற்றிவருகிறேன்.